கலாநிதி பெட்டி ஷபாஸ்: இத்தாவுக்குப் பின் 32 வருடங்கள்

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 21 ஆம் திகதி எமது இளைஞர்களின் முகநூல் பக்கங்களில் மல்கம் எக்ஸின் படம் வந்துவிடும். கண்ணாடி அணிந்து ஏதோ யோசனையில் இருக்கும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் கீழே துஆக்களும் புகழுரைகளும் நிறையும். நல்ல விடயம். ஆனால் 1965 ஆம் ஆண்டு அதே நாளில், நியூயோர்க் ஓடுபன் மண்டபத்தில் அவர் சுடப்பட்டபோது, அங்கே அவருடைய மனைவியும் நான்கு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த மனைவிக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை. மறுமணம் செய்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். பழைய மதத்துக்கே திரும்பியிருப்பார் என்று இன்னொருவர் ஊகித்தார். இரண்டுமே தவறு.

அவர் பெயர் பெட்டி ஷபாஸ். வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குப் பெட்டி என்றால் வேறொன்று அல்லவா. சிரித்து முடித்த பிறகு கதையைக் கேட்டார்கள். இங்கே எழுதுவதும் அந்தக் கதைதான்.

பெட்டி டீன் சாண்டர்ஸ் பிறந்தது 1934 மே 28 இல். பெற்றோருடன் வளரும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. டெட்ரொய்ட் நகரில் லொரென்சோ, ஹெலன் மலோய் என்ற தம்பதியர் அவரை வளர்த்தெடுத்தார்கள். தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். வளர்ப்புத் தாய் ஹெலன், கறுப்பின மக்களுக்கு வேலை கொடுக்காத கடைகளைப் புறக்கணிக்கும் இல்லத்தரசிகள் சங்கமொன்றில் முன்னின்றவர். இருந்தும் வீட்டில் நிறவெறி பற்றிப் பிள்ளையிடம் பேசுவதில்லை. பேசாமல் விட்டால் பிள்ளைக்கு அது தெரியாமலே போய்விடும் என்று நினைத்திருக்கலாம். நாங்களும் எங்கள் பிள்ளைகளிடம் சிலவற்றை அப்படித்தான் பேசாமல் விடுகிறோம்.

ஆசிரியையாக வேண்டும் என்ற எண்ணத்துடன் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்லூரிக்குப் போனார். அமெரிக்காவின் தெற்குப் பகுதி எப்படிப்பட்டது என்று அங்கேதான் அவருக்குப் புரிந்தது. கடைக்குப் போனால் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடியும் வரை காத்திருக்க வேண்டும். கல்வியியல் படிப்பை விட்டுவிட்டுத் தாதிப் பயிற்சிக்கு மாறினார். 1953 இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். பாதியில் விட்ட அந்த ஆசிரியப் படிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1956 இல், உடன் வேலை செய்த ஒரு தாதியின் அழைப்பில் ஹார்லெமில் நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தின் கூட்டத்துக்குப் போனார். மல்கம் எக்ஸை அங்கேதான் கண்டார். அதே வருடம் இயக்கத்தில் சேர்ந்து, பெண்கள் வகுப்பில் சுகாதாரம் படிப்பித்தார். 1958 ஜனவரியில் மல்கம், டெட்ரொய்டில் ஒரு பெற்றோல் நிலையத்தின் பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்துத் திருமணம் கேட்டார். 14 ஆம் திகதி லான்சிங் நகரில் திருமணம் முடிந்தது. ஏழு வருட வாழ்க்கை. கணவர் பெரும்பாலும் பயணத்தில் இருந்தார். பெட்டி வேலைக்குப் போக விரும்பினார்; கணவர் அதை விரும்பவில்லை. அதனால் பிணக்குகளும் வந்தன. பிற்காலத்தில் பெட்டி இவற்றை மறைக்கவில்லை. பெரிய மனிதரின் மனைவி என்றால் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்தார் என்று எழுதத் தேவையில்லை.

நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தின் கொள்கைகள் எமது அகீதாவுக்கு முரணானவை என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மல்கம் 1964 மார்ச்சில் அதிலிருந்து விலகினார். அடுத்த மாதமே ஹஜ்ஜுக்குப் போனார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே ஸஃப்பில் நிற்பதைக் கண்டு, எல்ஹாஜ் மாலிக் எல்ஷபாஸாகத் திரும்பி வந்தார். அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரு வருடத்துக்கும் குறைவான காலம். 1965 பெப்ரவரி 14 அதிகாலை, குயீன்ஸ் பகுதியில் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த வீட்டின் மீது பெற்றோல் குண்டுகள் வீசப்பட்டன. உயிர் தப்பினார்கள். சரியாக ஏழாவது நாள் ஓடுபன் மண்டபம்.

அப்போது பெட்டிக்கு வயது 30. மூத்த மகளுக்கு ஆறு. கைக்குழந்தைக்கு மூன்று மாதம் கூட நிறையவில்லை. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். சூட்டுச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைக் கீழே தள்ளித் தன் உடலால் மூடிக்கொண்டார். சத்தம் ஓய்ந்ததும் மேடைக்கு ஓடினார். அவர் ஒரு தாதி; கணவரின் உடலைத் தொட்ட அந்தக் கணத்தில் எவரும் சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்கும்.

ஜனாஸா 27 ஆம் திகதி நடந்தது. மிரட்டல்கள் காரணமாகப் பல இடங்கள் கைவிரித்தன. கடைசியில் ஹார்லெமில் ஒரு தேவாலயம்தான் கதவைத் திறந்தது. சூடான் நாட்டைச் சேர்ந்த ஷெய்க் அஹ்மத் ஹஸ்ஸூன் உடலைக் குளிப்பாட்டிக் கபனிட்டார். ஃபேர்ன்கிளிஃப் மையவாடியில் குழி மூடும் கூலியாட்களிடமிருந்து மண்வெட்டிகளை வாங்கி, நண்பர்கள் தங்கள் கைகளாலேயே மண் போட்டார்கள்.

அதற்கடுத்த வாரங்களில் பெட்டி தூங்கவில்லை என்றும், அந்த நாளே திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த நிலையில்தான் கணவர் கண்டதைத் தானும் காண ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். 1965 இன் ஹஜ் ஏப்ரலில் வந்தது. கணவர் கொல்லப்பட்டு ஏழு வாரம் கூட ஆகவில்லை.

கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை. அந்தக் காலத்தில் ஹஜ் பயணமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த மஸ்அலாவை உலமாக்களிடம் விடுகிறேன். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. முஸ்லிம் பெயர் கொண்டவர்களே தன் கணவரைச் சுட்டதைக் கண்ணால் கண்ட பெண் அவர். இந்த மார்க்கமே வேண்டாம் என்று அவர் போயிருந்தால், அன்றைய அமெரிக்காவில் எவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வளர்த்த குடும்பமும் தேவாலயமும் டெட்ரொய்டில் அப்படியே இருந்தன. அவர் போனதோ மக்காவுக்கு. அந்த ஹஜ் இல்லையென்றால் தான் மீண்டிருக்க முடியாது என்பதைப் பின்னாட்களில் பலமுறை நினைவுகூர்ந்தார். நேஷன் இயக்கத்தின் வழியாக அவருக்குக் கிடைத்த இஸ்லாம் வேறு. மக்காவிலிருந்து கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் கற்பித்த இஸ்லாம் வேறு. அந்த வருடம் செப்டெம்பரில் மலிகா, மலாக் என்ற இரட்டையர் பிறந்தார்கள். தந்தையின் பெயரான மாலிக்கை ஒட்டிய பெயர்கள்.

இனி வீட்டு விடயம். கணவர் விட்டுச் சென்ற சொத்து எதுவும் இல்லை. குடியிருந்த வீடு இயக்கத்துக்குச் சொந்தம். அதிலிருந்து வெளியேறும்படி நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருந்தது. ஆறு பிள்ளைகளுடன் தெருவில் நிற்க வேண்டிய நிலை. நடிகை ரூபி டீ, நடிகர் சிட்னி பொய்ட்டியரின் மனைவி ஹுவானிட்டா பொய்ட்டியர் முதலிய பெண்கள் சேர்ந்து, அக்கறையுள்ள தாய்மாரின் குழு என்ற பெயரில் ஒன்று கூடினார்கள். இசை நிகழ்ச்சிகள் நடத்தி 17,000 டொலர் சேர்த்தார்கள். மவுண்ட் வேர்னன் என்ற ஊரில் இரண்டு குடும்பம் இருக்கக்கூடிய பெரிய வீடொன்று வாங்கப்பட்டது. அந்தக் குழு தனக்கு வைத்துக்கொண்ட நோக்கம் இரண்டு: குடும்பத்துக்கு ஒரு வீடு, அதன் கல்விச் செலவு. அந்தப் பெண்களில் அநேகர் முஸ்லிம்கள் அல்லர்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நான் படிப்பிக்கும் பாடசாலைக்குக் குறிகட்டுவானில் படகேறிப் போக வேண்டும். நயினாதீவு என்றால் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் எல்லோருக்கும் ஞாபகம் வரும்; அங்கே ஒரு பள்ளிவாசலும் சில முஸ்லிம் குடும்பங்களும் இருப்பது எம்மவர்களுக்கே தெரியாது. இந்தத் தீவுகள் விதவைகளை அதிகம் கண்டவை. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து நயினாதீவு நோக்கி வந்த குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் யுத்தம், கடல், நோய் என்று ஆண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மாணவர் இடாப்பில் தந்தையின் பெயருக்கு நேரே காலஞ்சென்றவர் என்று எழுதாத வருடம் எனக்கு வாய்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கடைசி வாங்கில் ஓரமாக உட்காரும் தாய்மாரை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் மார்க்கத்தில் விதவைக்கு எந்த இழிவும் இல்லை, நான்கு மாதம் பத்து நாள் முடிந்தால் அவள் சுதந்திரமானவள் என்று நாங்கள் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வோம். சட்டம் அப்படித்தான். நடப்பை நான் என் வீட்டிலேயே கண்டேன். 1990 ஒக்டோபர் 30 இல் சோனகதெருவிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. புத்தளத்தில் முகாமுக்குப் போன மூன்றாம் வருடம் வாப்பா மௌத்தானார். உம்மா உயர்தரம் படித்தவர். முகாம் பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டிலில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். இத்தா முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னார். பிள்ளைகளை யார் பார்ப்பது, விடுதியில் போய்த் தங்குவதா, ஊர் என்ன சொல்லும் என்று எங்கள் பெரியவர்கள் கேட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். எங்களைப் பட்டினி போடவும் இல்லை. ஸகாத் பணத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். உம்மா இருபது வருடம் தைத்தார். அந்தத் தையலில்தான் நான் பயிற்சிக் கலாசாலைக்குப் போனேன். தையலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உம்மாவிடம் ஒருவரும் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் தானாகச் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

அதனால்தான் பெட்டி ஷபாஸின் 1969 ஆம் ஆண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசிப் பிள்ளைகளுக்கு நான்கு வயதானபோது, அந்த வருட இறுதியில் அவர் ஜேர்சி சிட்டி அரச கல்லூரியில் சேர்ந்தார். டஸ்கீகியில் விட்டுவந்த அதே கல்வியியல் படிப்பு. ஒரே வருடத்தில் இளமாணிப் பட்டத்தை முடித்தார். பிறகு சுகாதார நிர்வாகத்தில் முதுமாணி. 1972 இல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தார். பல்கலைக்கழகம் இருந்த அம்ஹெர்ஸ்ட் நகரம் வீட்டிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அதிக தூரம். திங்கள் காலை தானே கார் ஓட்டிப் போவார். புதன் இரவு திரும்பி வருவார். மூன்று வருடம் இப்படி. 1975 ஜூலையில் ஆய்வை முடித்துக் கலாநிதியானார்.

ஆறு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு இரவு வெளியில் தங்குவது! எங்கள் முகாமின் பெரியவர்கள் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு தாயாக எனக்கும் அது இலகுவாகத் தெரியவில்லை. வீட்டில் உதவிக்கு ஆள் இருந்திருக்க வேண்டும், மூத்த பிள்ளைகள் இளையவர்களைப் பார்த்திருக்க வேண்டும், பெட்டியின் மனம் பாதி வழியில் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அப்படியும் அவர் போனார். அந்த 17,000 டொலர் வீடு அவருக்குக் கொடுத்த பலம் இதுதான் என்று நினைக்கிறேன். வாடகைக்காக ஓடத் தேவையில்லாத ஒருவரால் பல வருடம் கழித்துக் கூட விட்ட படிப்பைத் தொடர முடிந்தது. கணவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, அவர் மறைந்த வருடமே வெளிவந்த சுயசரிதையின் வருமானத்திலும் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது.

1976 ஜனவரியில் புரூக்ளினிலுள்ள மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் சுகாதார விஞ்ஞான இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் பெயருக்கும் ஒரு கதை உண்டு: மெட்கர் எவர்ஸ் 1963 இல் மிசிசிப்பியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட சிவில் உரிமைப் போராளி. அங்கே படித்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பிள்ளை பெற்ற தாய்மார். படிப்பை எங்கேயோ ஓரிடத்தில் விட்டவர்கள், வேலை முடிந்து மாலையில் வருபவர்கள். அவர்கள் முன்னால் நின்று பாடம் எடுத்தது யாரென்று யோசித்துப் பாருங்கள். பிறகு அதே கல்லூரிக்கு நிதியும் ஆதரவும் திரட்டும் பிரிவின் பொறுப்பை ஏற்று, மௌத்தாகும் வரை அங்கேயே பணியாற்றினார். பெரிய பல்கலைக்கழகங்களில் பேச அழைக்கப்பட்டவர் தொழில் செய்ய அந்தக் கல்லூரியையே வைத்துக்கொண்டார்.

மெட்கர் எவர்ஸின் மனைவி மர்லி எவர்ஸ், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா, பெட்டி மூவரும் நெருங்கிய தோழிகள் ஆனார்கள். மூவரின் கணவர்மாரும் ஐந்து வருடத்துக்குள் சுடப்பட்டவர்கள். கொரெட்டாவும் பெட்டியும் பழகியது சிலருக்கு ஆச்சரியம். கணவர்மார் ஒருவரை ஒருவர் கண்டித்துப் பேசியவர்கள் அல்லவா.

பெட்டியின் பல படங்களில் தலை மறைக்கப்பட்டிருக்காது. இதைச் சுட்டிக்காட்டி அவரை முஸ்லிம் பெண்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லலாமா என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். எல்லாவற்றிலும் முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஷஹாதாவை விடாமல், ஹலாலான உழைப்பில், ஆறு பிள்ளைகளை வளர்த்து, கணவரின் பெயருக்கு ஒரு அழுக்கும் ஒட்டவிடாமல் 32 வருடம் வாழ்ந்தார் என்பதைச் சொல்கிறேன். அவர் மறுமணம் செய்யவில்லை. அது அவருடைய தெரிவு. மறுமணம் செய்யும் விதவையை அதைச் சொல்லிக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை.

1994 இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கணவரின் கொலையில் லூயிஸ் ஃபராகானுக்குத் தொடர்பு இருந்ததாகத் தான் நம்புவதை வெளிப்படையாகச் சொன்னார். ஃபராகான் அதை மறுத்தார். அடுத்த வருடம் ஜனவரியில், ஃபராகானைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்றதாக பெட்டியின் இரண்டாவது மகள் மீது வழக்கு. அந்த வழக்கில் மகளுக்கு ஆதரவாகப் பேசியவர்களில் ஃபராகானும் ஒருவர். 1995 மே மாதம் ஹார்லெம் அப்பொல்லோ அரங்கில், மகளின் வழக்குச் செலவுக்கான நிகழ்ச்சியில் இருவரும் மேடையில் கைகுலுக்கினார்கள். ஒக்டோபரில் ஃபராகான் வாஷிங்டனில் நடத்திய பேரணியிலும் பெட்டி பேசினார். மன்னித்துவிட்டாரா, மகளுக்காகப் பொறுத்துக்கொண்டாரா என்று அன்றைய பத்திரிகைகள் துருவின. பிள்ளைக்காகத் தாய் எந்த வாசலையும் தட்டுவாள். எங்கள் முகாம்களில் அதை நிறையக் கண்டிருக்கிறேன்.

முடிவு கொடுமையானது. 1997 ஜூன் 1 இல், அவருடைய பொறுப்பில் இருந்த 12 வயதுப் பேரன் யொங்கர்ஸிலுள்ள அவர் வீட்டில் தீ வைத்தான். தாயிடம் திரும்பிப் போக வேண்டும் என்ற ஏக்கத்தில் ஒரு சிறுவன் செய்த காரியம். உடலில் எண்பது வீதத்துக்கு மேல் எரிந்த நிலையில் மூன்று வாரம் வைத்தியசாலையில் இருந்து, ஜூன் 23 இல் மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 63.

மல்கமின் ஜனாஸா தேவாலயத்திலிருந்து போயிற்று. 32 வருடம் கழித்து பெட்டியின் ஜனாஸா, நியூயோர்க் 96 ஆம் வீதியில் எழுந்திருந்த இஸ்லாமிய நிலையத்தின் பெரிய பள்ளிவாசலிலிருந்து போயிற்று. ஃபேர்ன்கிளிஃப் மையவாடியில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள்.

ஓடுபன் மண்டபத்தை இடித்துவிடப் பார்த்தார்கள். பெட்டியும் மற்றவர்களும் போராடியதில் அதன் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டது. 2005 இல் அது கணவன், மனைவி இருவரின் பெயரிலும் நினைவு நிலையமாகவும் கல்வி நிலையமாகவும் திறக்கப்பட்டது. அந்தப் பெயரில் மல்கம் எக்ஸ் முதலில் வருகிறார். மனைவியின் பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போட்டிருக்கிறார்கள்.